ஆராதனை முடிந்த பிறகு

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தபோது தமிழ்நாட்டின் தேவாலயங்களும் பூட்டப்பட்டன. குருத்தோலை ஞாயிறு, பெரிய வெள்ளி, ஈஸ்டர் எல்லாம் கைப்பேசித் திரையிலேயே கழிந்தன. சபைகளில் அப்போது அதிகம் பேசப்பட்டவை இரண்டு: காணிக்கை குறைந்துவிட்டது, திறந்த பிறகு எத்தனை பேர் திரும்பி வருவார்கள். மூன்றாவதாக ஒரு கேள்வி இருந்தது, அதைக் கேட்டவர்கள் குறைவு. கோயிலுக்குப் போவதை எடுத்துவிட்டால் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் கிறிஸ்தவம் என்று மிச்சமிருப்பது என்ன?

கேள்வி பழையது. ஜெர்மனியில் பிலிப் யாக்கோப் ஸ்பேனர் என்ற லுத்தரன் போதகர் 1675இல் ஒரு சிறுநூல் வெளியிட்டார். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் கேட்டுவிட்டு வாரம் முழுக்க வேறு ஆளாக வாழும் லுத்தரன் சபையாரைப் பார்த்து வந்த ஆதங்கம் அது. அவர் தொடங்கிவைத்த பயட்டிஸ்ட் இயக்கம் ஹாலே நகரில் ஃபிராங்கேயின் அனாதை இல்லமாகவும் பள்ளிகளாகவும் வளர்ந்தது. அந்த ஹாலேயில் படித்த மிஷனரி சீகன்பால்கு 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். ஆக, தமிழ்ப் புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவம் ‘கோயிலுக்குப் போனால் மட்டும் போதுமா’ என்ற கேள்வியின் பேரப்பிள்ளை. முந்நூறு ஆண்டுகளில் அந்தக் கேள்விக்கு இங்கே என்னென்ன பதில்கள் சொல்லப்பட்டன, எவை நடப்பில் நின்றன என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரை. கத்தோலிக்கரையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அவர்கள் முத்துக்குளித்துறைக் கரையில் 16ஆம் நூற்றாண்டிலேயே இருந்தவர்கள். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்கள் எல்லாரும் சேர்ந்து சுமார் 44 லட்சம் பேர், மக்கள்தொகையில் 6 சதவீதத்துக்குச் சற்று மேல்.

எல்லாரும் அறிந்த பதில், தனிமனித ஒழுக்கம். காலையில் தியானம், இரவில் குடும்ப ஜெபம், வெள்ளிக்கிழமை உபவாசம். குடிக்கக் கூடாது, புகைக்கக் கூடாது, சினிமா கூடாது. பெந்தெகொஸ்தே சபைகளில் நகையும் கூடாது. ‘சாட்சியுள்ள வாழ்க்கை’ என்று பிரசங்கத்தில் சொன்னால் சபையார் மனதில் வருவது பெரும்பாலும் இந்தப் பட்டியல்தான். இதைக் கேலி செய்கிறவர்கள் குடிகாரன் வீட்டில் ஒரு வாரம் இருந்து பார்க்க வேண்டும். அப்பா குடியை நிறுத்தியதால் பிள்ளைகள் படித்து மேலே வந்த குடும்பங்கள் தென்மாவட்டங்களில் ஊருக்கு ஊர் உண்டு. ஆனால் அந்தப் பட்டியலில் இல்லாதவற்றையும் பார்க்க வேண்டும். வட்டி இல்லை. வேலையாளுக்குக் கொடுக்கும் கூலி இல்லை. பத்திரப் பதிவில் குறைத்துக் காட்டும் தொகை இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, சாதி இல்லை.

சாதியில்தான் நின்று பார்க்க வேண்டும். ஏனென்றால் கோயிலுக்கு வெளியே கிறிஸ்தவனாக வாழ்வது என்ற கேள்வி தமிழ்நாட்டில் ஒவ்வொரு தலைமுறையிலும் கடைசியில் அங்கேதான் வந்து முட்டியிருக்கிறது. தரங்கம்பாடியின் ஆரம்பகாலச் சபையிலேயே சாதிக்குத் தனித்தனி இடம் இருந்தது. நூறு ஆண்டுகளுக்கு மேல் அது ஒரு நாட்டு வழக்கம், விசுவாசத்தைத் தொடாது என்று மிஷனரிகளே சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் ஒரு சுற்றறிக்கை அனுப்பி, சபைக்குள் சாதி வேற்றுமை உடனே ஒழிய வேண்டும் என்றார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் சபைகள் கொந்தளித்தன. பலர் கோயிலையே விட்டு வெளியேறினார்கள். இதில் மனதை உறுத்துவது தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் நிலை. இன்றும் தமிழ்ச் சபைகள் பாடும் கீர்த்தனைகளில் எத்தனையோ அவருடையவை. அந்தப் பெரும் பக்திக் கவிஞர், சாதி ஆசாரத்தை மாற்ற வந்த இளம் மிஷனரிகளை எதிர்த்து எழுதியவர்களின் பக்கம் நின்றார். அவருடைய பக்தியில் கள்ளம் இருந்ததாக யாரும் சொல்ல முடியாது. பக்தி ஒரு பக்கமும் பந்தி ஒரு பக்கமும் தனித்தனியாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

கத்தோலிக்கர் பக்கம் வடக்கன்குளம். நெல்லை மாவட்டத்தின் தெற்குக் கோடியில் உள்ள இந்த ஊரின் கோயிலில் இரண்டு நீண்ட கூடங்கள் ஒரே பீடத்தில் வந்து சேரும்படி கட்டப்பட்டன. வேளாளர் ஒரு கூடத்தில், நாடார் மறு கூடத்தில். இரு பக்கத்தாருக்கும் பீடம் தெரியும், ஒருவருக்கு மற்றவர் தெரியாது. ஒரே பூசை, ஒரே நற்கருணை, நடுவில் சுவர். 1910இல் அந்தத் தடுப்புச் சுவர் இடிக்கப்பட்டபோது வேளாளக் கத்தோலிக்கர்கள் தங்கள் உரிமை போய்விட்டதாக நீதிமன்றம் போனார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. சாதியை வைத்துக் கோயிலில் தனியிடம் கேட்க உரிமை இல்லை என்று கிறிஸ்தவர்களுக்கு ஒரு நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

உட்காரும் இடத்தை நீதிமன்றம் மாற்றலாம். கல்லறையில் அது கடினமாகிறது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கத்தோலிக்கரின் கல்லறைகளைப் பிரித்து நின்ற சுவர் பல ஆண்டுகள் செய்திகளில் அடிபட்டது. 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்குக் கோயில் கேட்டார்கள். வன்னியக் கத்தோலிக்கர்களோடு மோதல் வந்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். இரு தரப்பும் தவறாமல் பூசைக்குப் போகிறவர்கள் என்பதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் இந்தச் செய்தி முழுமையாகாது.

கல்லறையையும் தாண்டி, எந்தச் சுற்றறிக்கையும் தொட முடியாத இடம் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை நாளிதழ்களின் மணமகள் தேவை பக்கத்தை எடுத்துப் பாருங்கள். ‘சிஎஸ்ஐ நாடார்’, ‘ஆர்.சி. உடையார்’, ‘கிறிஸ்தவ வேளாளர்’ என்று விளம்பரம் வரிசையாக வரும். ‘இரட்சிக்கப்பட்ட, ஞானஸ்நானம் பெற்ற பெண் தேவை’ என்று ஆவிக்குரிய தகுதியை முதலில் போட்டு, அடைப்புக்குறிக்குள் உட்பிரிவைப் போடுகிறவர்களும் உண்டு. அந்தப் பெண்ணுக்கு எத்தனை பவுன், மாப்பிள்ளைக்கு என்ன கார் என்பது வீட்டுக்குள் பேசி முடிக்கப்படும். பிறகு ஆராதனையில் மூன்று வாரம் ஓலை வாசிப்பார்கள். தடை ஏதும் உண்டானால் தெரிவிக்கும்படி போதகர் கேட்பார். வரதட்சணை ஒரு தடை என்று எழுந்து நின்றவரை நான் பார்த்ததில்லை. போதகருக்குத் தொகை தெரியாது என்றும் சொல்ல முடியாது. பல ஊர்களில் பேச்சுவார்த்தைக்கு ஜெபம் செய்து தொடங்கிவைக்கிறவரே அவர்தான்.

இதே சாதி விஷயத்தில் அரசாங்கம் வேறொரு முடிச்சைப் போட்டிருக்கிறது. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி இந்துக்களுக்கு மட்டும். 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. கிறிஸ்தவரான தலித் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார். இதனால் சான்றிதழில் இந்துவாகவும் ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தவராகவும் வாழும் குடும்பங்கள் ஏராளம். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஞானஸ்நானம் பெற்றுத் தவறாமல் தேவாலயம் போகும் ஒருவர் இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்லிக்கொள்ள முடியாது என்று தீர்ப்பளித்தது. சட்டத்தின் தர்க்கம் எப்படியோ போகட்டும். இங்கே நம் விஷயத்துக்கு வேண்டியது ஒன்று: ஒருவர் கிறிஸ்தவராக வாழ்கிறாரா என்பதற்கு நீதிமன்றம் எடுத்துக்கொண்ட சான்றுகளில் கோயிலுக்குப் போவதும் ஒன்று. அந்தச் சான்று ஒரு தலித்துக்கு எதிராகப் பயன்படுகிறது. அதே வருகைப் பதிவை வைத்துக்கொண்டு, மகளுக்குச் சாதிக்குள் மாப்பிள்ளை தேடும் கிறிஸ்தவருக்கு எந்த நட்டமும் இல்லை.

அடுத்த பதில், சேவை. இதில் தமிழ்ச் சபைகள் நியாயமாகவே தலைநிமிர்ந்து பேசலாம். ஐடா ஸ்கடர் 1900இல் வேலூரில் தொடங்கிய சிறு மருத்துவ வேலை 1902இல் மருத்துவமனையாகி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் படிப்பாகி, இன்றைய சிஎம்சியாக நிற்கிறது. தென்தமிழ்நாட்டில் பெண்கள் படித்த கதையை மிஷன் பள்ளிகளை விட்டுவிட்டு எழுத முடியாது. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் 1821 வாக்கில் தொடங்கிய லேஸ் பின்னும் பள்ளி ஒடுக்கப்பட்ட பெண்கள் கையில் சொந்தக் காசு புழங்க வழி செய்தது. இவையெல்லாம் தெரிந்த கதைகள், விரிக்க வேண்டியதில்லை.

என் சந்தேகம் வேறு. நிறுவனங்கள் இவ்வளவு நன்றாக நடந்ததாலேயே தனிமனிதரின் கடமை அவற்றின் கையில் ஒப்படைக்கப்பட்டுவிட்டது. நோயாளியைப் பார்க்க மருத்துவமனை இருக்கிறது, அனாதைக்கு விடுதி இருக்கிறது, முதியவருக்கு இல்லம் இருக்கிறது. நாம் காணிக்கை போட்டால் போதும். மத்தேயு 25ஆம் அதிகாரத்தின் நியாயத்தீர்ப்புக் காட்சியில் பசித்தவன், தாகமுள்ளவன், அந்நியன், நோயாளி, சிறையிலிருப்பவன் பற்றியே விசாரணை நடக்கிறது; ஆராதனை வருகை பற்றி ஒரு கேள்விகூட அங்கே இல்லை. அந்த விசாரணை ஆள் ஆளாக நடக்கிறது, டிரஸ்ட் டிரஸ்டாக நடக்கவில்லை. அந்த நிறுவனங்களின் உள்விவகாரமும் இருக்கிறது. சபை நடத்தும் பள்ளியில் ஆசிரியர் வேலைக்குப் பணம் கைமாறுகிறது என்ற புகார் சபையாருக்குப் புதிதல்ல. திருமண்டலத் தேர்தல்கள் அணி, நோட்டீஸ், விருந்து என்று சட்டமன்றத் தேர்தலைப் போலவே நடக்கின்றன; ஓய்வுபெற்ற நீதிபதியை நிர்வாகியாக நீதிமன்றம் நியமிக்கும் அளவுக்குப் போன திருமண்டலமும் உண்டு. கோடிக்கணக்கில் செலவழித்துக் கோபுரம் உயர்த்திய கோயிலில் மணியடித்துப் பெஞ்சு துடைக்கும் கோயில்குட்டியாருக்கு மாதச் சம்பளம் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். சபைக் கமிட்டியில் அந்தப் பேச்சு வந்தால் முகங்கள் மாறும்.

பணம் என்று வரும்போது பழைய வழக்கம் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. தெற்கத்திக் கிராமச் சபைகளில் பெண்கள் உலை வைக்குமுன் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார்கள். வார முடிவில் அது கோயிலுக்குப் போகும். கணவன் கையை எதிர்பார்க்காமல், வீட்டில் இருப்பவர் வயிற்றில் கொஞ்சம் குறைத்துக் கொடுத்த காணிக்கை அது. 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியபோது வெளிநாட்டுப் பணம் வாங்குவதில்லை என்று முடிவு செய்ததற்கு இப்படிப்பட்ட கைகள்தான் துணை. அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான வெள்ளாளன்விளை அசரியா 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். கொடுப்பதை அவர் கிறிஸ்தவ வாழ்வின் நடுமையமாக வைத்தார். இன்று அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு தேங்காயை ஆயிரக்கணக்கில் கேட்டு எடுக்கிறார்கள். கூட்டம் கைதட்டுகிறது, எடுத்தவர் பெயர் ஒலிபெருக்கியில் வருகிறது. சந்தோஷமான நிகழ்ச்சிதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் பிடியரிசியில் யார் பெயரும் வந்ததில்லை.

காசு எப்படிச் செலவாகிறது என்பதைப் பேசினோம். அது எப்படி வருகிறது என்று கேட்ட தமிழ்க் கிறிஸ்தவர் ஒருவர் இருந்தார். ஜே.சி. குமரப்பா 1892இல் தஞ்சாவூரில் பிறந்தவர், ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ் என்பது ஞானஸ்நானப் பெயர். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, பம்பாயில் நிறுவனம் நடத்தி, அமெரிக்காவில் மேற்படிப்பு முடித்து, கோட்டும் டையுமாக இருந்த மனிதர். 1929இல் காந்தியைச் சந்தித்த பிறகு கதர் உடுத்து, கிராமத் தொழில்களுக்கு வாழ்வைக் கொடுத்தார். கோயிலுக்குப் போகும் பழக்கத்தைவிட, தன் தொழிலையே சுவிசேஷத்தின் முன் வைத்துப் பார்த்தவர் என்பதுதான் அவரைத் தனித்துக் காட்டுகிறது. 1934 பீகார் நிலநடுக்க நிவாரணக் கணக்கு அவர் பொறுப்பில் இருந்தது. தொண்டர்களுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு அணா என்று வரம்பு வைத்தார். காந்தி பரிவாரத்தோடு வந்தபோது, அவர்கள் செலவை நிவாரண நிதியில் எழுத முடியாது என்று மறுத்துவிட்டார். காந்தியும் ஏற்றுக்கொண்டார்.

அதற்கு முன்பே உப்புச் சத்தியாகிரக நாட்களில், தடியடியைக் கண்டும் திருச்சபை ஏன் வாய் திறக்கவில்லை என்று குமரப்பா ஆங்கிலிக்கன் தலைமைப் பேராயர் ஃபாஸ் வெஸ்ட்காட்டுக்கு எழுதி வாதாடினார். பிறகு சிறையிலிருந்தபோது இயேசுவின் போதனையைப் பற்றியும் நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றியும் இரண்டு நூல்கள் எழுதினார். இரண்டும் ஒரே சிந்தனையின் இரு பக்கம். பொருளாதாரங்களை அவர் படிப்படியாகப் பிரிக்கிறார்: ஒட்டுண்ணியாகப் பிறர் உயிரில் வாழ்வது கீழ்ப்படி, கைம்மாறு கேளாத சேவை மேல்படி. நாம் வாங்கும் பொருளுக்குப் பின்னால் ஒருவர் வயிற்றெரிச்சல் இருந்தால் அதில் நமக்கும் பங்கு உண்டு என்பது அவர் கணக்கு. 1960 ஜனவரி 30இல் இறந்தார். காந்தியர்கள் அவரை நினைவு வைத்திருக்கிறார்கள், இயற்கை விவசாயிகள் மேற்கோள் காட்டுகிறார்கள். அவர் பெயரைப் பிரசங்கத்தில் கேட்பது அபூர்வம்.

குமரப்பா காலத்திலேயே இன்னும் தூரம் போனவர்கள் சென்னையில் இருந்தார்கள். 1938இல் தாம்பரத்தில் உலக மிஷனரி மாநாடு நடந்தபோது, பி. செஞ்சையாவும் வெங்கல் சக்கரையும் நண்பர்களோடு சேர்ந்து ஒரு நூல் கொண்டுவந்தார்கள். செஞ்சையா புதுக்கோட்டை சமஸ்தானத்தின் நீதிபதி. சக்கரை வழக்கறிஞர், தொழிற்சங்கத் தலைவர், சென்னை மேயராகவும் இருந்தவர். இயேசு கொண்டுவந்தது புதிய மனிதனை, மேற்கிலிருந்து வந்த சபை நிர்வாகத்தை அல்ல என்பது செஞ்சையாவின் வாதம். குருமார் அல்லாத இருவர், அலுவலகமும் ஆலை வாசலும் தெரிந்தவர்கள், இதைச் சொன்னது தற்செயல் இல்லை. ஐம்பது ஆண்டு கழித்து லுத்தரன் இறையியலாளர் ஹெர்பர்ட் ஹோஃபர் தமிழ்நாட்டில் செய்த ஆய்வை 1991இல் வெளியிட்டார். ஞானஸ்நானம் பெறாமல், எந்தச் சபையிலும் சேராமல் இயேசுவையே வணங்குகிறவர்கள் பெரிய எண்ணிக்கையில் இருப்பதை அவர் கண்டார். பெரும்பாலும் பெண்கள்; வீட்டாருக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஜெபிக்கிறவர்கள்.

இவர்களை முன்னுதாரணமாக வைக்க எனக்குத் தயக்கம் உண்டு. தனியாக இயேசுவைப் பின்பற்றலாம் என்பது நடுத்தர வர்க்கத்துக்கு வசதியான பதில். பிடிக்காத ஆளோடு ஒரே பெஞ்சில் உட்கார வேண்டாம், பக்கத்து வீட்டாரின் சாவுக்கு நாற்காலி தூக்க வேண்டாம். சபை கூடிவருவதை விட்டுவிடாதிருங்கள் என்று எபிரெயர் நிருபம் சொல்வதில் காரணம் இருக்கிறது. கத்தோலிக்கப் பங்குகளில் சில பத்துக் குடும்பங்களாகச் சேரும் அன்பியக் கூட்டங்கள் நல்ல இடங்களில் இதைச் சரியாகவே செய்கின்றன: கணவனை இழந்தவர் வீட்டில் அரிசி இருக்கிறதா என்பது அங்கே தெரிந்துவிடும். தெரியாமல் வாழ்வது கடினம், அதுதான் சிறிய கூட்டத்தின் பலம்.

கோயிலுக்கு உள்ளே, வெளியே என்ற பிரிவே அர்த்தமிழக்கும் சில நேரங்களும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் தென்திருவிதாங்கூரில் கிறிஸ்தவ நாடார் பெண்கள் மார்பை மறைத்துத் துணி அணிந்தார்கள். சந்தையில் அந்தத் துணி கிழிக்கப்பட்டது, கலவரம் வந்தது, மறுபடி அணிந்தார்கள். 1859இல் மகாராஜாவின் அறிவிப்பு எல்லா நாடார் பெண்களுக்கும் மேலாடை உரிமை தந்தது. அவர்களுடைய விசுவாசம் சந்தைக்குப் போகும் வழியில் உடம்பின்மேல் இருந்தது. 2011 முதல் இடிந்தகரையில் லூர்து மாதா கோயில் முற்றத்துப் பந்தலில் கூடங்குளம் அணு உலைக்கு எதிராக மீனவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அணு உலை பற்றி ஒருவருக்கு எந்தக் கருத்து இருந்தாலும், பூசைக்கும் போராட்டத்துக்கும் ஒரே மணி அடிக்கப்பட்ட இடம் அது. திருச்சிப் பக்கம் விரகாலூரில் 1937இல் பிறந்த இயேசு சபைக் குரு ஸ்டேன் சுவாமி ஜார்க்கண்டில் ஆதிவாசிகளின் நில உரிமைக்கும் விசாரணையின்றிச் சிறையில் வாடிய இளைஞர்களுக்கும் உழைத்தார். 2020 அக்டோபரில் கைதானார். நடுக்குவாதத்தால் கோப்பையைப் பிடிக்க முடியாத அவர், தண்ணீர் குடிக்க உறிஞ்சுகுழலுக்காக நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. 2021 ஜூலை 5இல் காவலில் இருந்தபடியே மும்பை மருத்துவமனையில் இறந்தார். தமிழ்நாட்டில் நினைவுத் திருப்பலிகள் நடந்தன. அவர் செய்த வேலையை நம் ஊர் வேலையாக எடுத்துக்கொண்ட பங்குகள் எத்தனை என்று கேட்டால் பதில் சுருங்கிவிடும்.

இத்தனையையும் வரிசையில் வைத்துப் பார்த்தால், கோயிலுக்கு வெளியே தமிழ்க் கிறிஸ்தவர்கள் செய்த பெரிய வேலைகள் பெரும்பாலும் மற்றவர்களுக்காக இருந்தன; தங்களுக்குள் செய்ய வேண்டியவை தள்ளிப்போடப்பட்டன. மருத்துவமனை கட்டுவது கல்யாணத்தைவிட எளிது. எனவே எங்கே தொடங்குவது என்று யாராவது கேட்டால் நான் திடப்படுத்தல் வகுப்பைத்தான் சொல்வேன். பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் பத்துக் கட்டளைகளையும் விசுவாசப் பிரமாணத்தையும் மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்கள். அதோடு சேர்த்து வடக்கன்குளம் வழக்கை ஒரு மணி நேரம் நடத்தலாம். குமரப்பாவின் பீகார் கணக்கை இன்னொரு மணி நேரம் நடத்தலாம். அடுத்த வாரம் அவரவர் சபையின் ஆண்டு வரவுசெலவு அறிக்கையைக் கையில் கொடுத்து, கோயில்குட்டியார் சம்பளம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடச் சொல்லலாம். பெற்றோரில் சிலர் கமிட்டியிடம் புகார் சொல்வார்கள். அந்தப் புகாரைக் கமிட்டி எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதையும் பிள்ளைகள் பார்க்கட்டும்.